2012 மாருதி ஈக்கோ வேன்: முன் பிரேக் டிஸ்க்கை லேத்தில் கொடுக்கலாமா, புதுசு போடணுமா?

வணக்கம். வண்டி 1,40,000 கி.மீ. ஓடியிருக்கிறது. போன வாரம் கொல்லிமலையிலிருந்து இறங்கினோம், 70 கொண்டை ஊசி வளைவு, பாதி இறங்குவதற்குள் பிரேக் மிதித்தாலே ஸ்டீயரிங் உதறுகிறது, பெடலும் காலடியில் துடிக்கிறது. இடது டிஸ்க்கில் நகம் சிக்குகிற அளவுக்கு வரி வரியாகப் பள்ளம். ஒரு மெக்கானிக் ஃபேஸிங் (லேத்தில் மேற்பரப்பைச் சமமாகக் கடைவது) போதும் என்கிறார், இன்னொருவர் மாற்றச் சொல்கிறார். அம்மாவும் பிள்ளைகளும் போகிற வண்டி, பயமாக இருக்கிறது.

பதில்:
அண்ணா, பள்ளத்தை வைத்து முடிவு பண்ண வேண்டாம், தடிமனை அளந்து பாருங்கள். குறைந்தபட்ச அளவு டிஸ்க்கிலேயே பொறித்திருக்கும், துருவைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்தால் தெரியும். வெர்னியர் வைத்தால் விளிம்பில் நிற்கிற மேடு இடித்துத் தப்பாகக் காட்டும், அதனால் மைக்ரோமீட்டரால் பிரேக் பேட் (டிஸ்க்கை அழுத்திப் பிடிக்கிற கட்டை) உரசுகிற இடத்தில் சுற்றிலும் ஏழெட்டு தடவை அளங்கள். ஒரு பக்கம் 0.2 மி.மீ. கடைந்தாலே மொத்தத்தில் 0.4 போய்விடும். கடைந்த பிறகும் அந்த அளவுக்கு மேல் தாராளமாக இருந்தால்தான் லேத்துக்குக் கொடுப்பதில் அர்த்தம், மெலிந்த டிஸ்க் மலை இறக்கத்தில் சூட்டைத் தாங்காது.

கேட்டவர்:
அளந்தேன். இடதில் பொறித்த அளவுக்கு மேல் 0.5தான் மிச்சம், வலதில் 0.9. இடதில் நாலைந்து இடத்தில் நீலமாகத் திட்டு வேறு தெரிகிறது.

இன்னொரு பதில்:
அப்படியென்றால் மாற்றிவிடுங்கள் தம்பி. நீலத் திட்டு என்றால் அந்த இடத்து இரும்பு சூட்டில் இறுகியிருக்கிறது, அது உள்ளே ஆழம் வரை போயிருக்கும், மேலே கடைந்தாலும் கொஞ்ச நாளில் திரும்ப உதறும். ஒன்றை மட்டும் மாற்றாமல் இரண்டு டிஸ்க்கும் நாலு பேடும் சேர்த்துப் போடுங்கள். அதற்கு முன், இடது மட்டும் ஏன் இப்படித் தேய்ந்தது? காலிப்பர் (பேட்களை டிஸ்க்கில் அழுத்துகிற பாகம்) நகர்வதற்கான ஸ்லைடு பின் கையால் தள்ளினால் நகர்கிறதா பாருங்கள். அதைச் சரி பண்ணாமல் புது டிஸ்க் போட்டால் அதுவும் இதே கதிதான். டிஸ்க் உட்காருகிற ஹப் முகத்துத் துருவையும் சுத்தமாகத் தேய்த்து எடுங்கள், ஒரு துணுக்குத் துரு இருந்தாலும் டிஸ்க் ஆட்டத்தோடு உட்காரும்.

கேட்டவர்:
நீங்கள் சொன்னதேதான். ஒரு ஸ்லைடு பின்னின் பூட் (ரப்பர் உறை) கிழிந்து, தண்ணீர் இறங்கித் துருப்பிடித்து அசையவே இல்லை. உள் பேட் தகடு வரை தேய்ந்திருக்கிறது, வெளி பேட் பாதி அப்படியே இருக்கிறது. பின், பூட், இரண்டு டிஸ்க், பேட் செட் எல்லாம் சொல்லியாச்சு, நாளைக்கு வேலை முடியும். ரொம்ப நன்றி.