மறு: கிளிப்போர்டுக்குத் தமிழ் – ஒரு சொல் போதாது

வணக்கம்.

நம் வழிகாட்டியின் மொழிபெயர்ப்பில் கிளிப்போர்டுக்கு, அதாவது நகலெடுத்ததை ஒட்டும் வரை கணினி வைத்திருக்கும் இடத்துக்கு, எந்தத் தமிழ்ச்சொல் போடுவது என்ற உங்கள் மடல்களை ஒரு வாரமாக வாசித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். சொல் 'பலகை' என்று முடியட்டும் என்ற கட்சியும் 'அகம்' என்று முடியட்டும் என்ற கட்சியும் மோதுவதைப் பார்க்க நன்றாகத்தான் இருந்தது. நேற்று ராத்திரி ஒரு சங்கதி நடந்தது. அதற்கப்புறம், இரண்டு கட்சியும் கேள்வியையே தப்பாகப் போட்டுக்கொண்டு பதில் தேடுவதாகத் தோன்றுகிறது.

மலேசியாவில், சுங்கை சிப்புட்டில் என் கடையின் பின்னறையில் சனிக்கிழமைகளில் நாலைந்து பேருக்கு லினக்ஸ் சொல்லித்தருகிறேன். எல்லாரும் தோட்டத்துப் பிள்ளைகள். அதில் ஒரு தங்கச்சிக்குச் செம்பனை ஆலையில் வேலை. லோரிகளைத் திம்பாங் போடும் (எடை பார்க்கும்) கணினியின் பதிவுகளை ராத்திரியில் வீட்டிலிருந்தே எஸ்எஸ்எச் (தூரத்துக் கணினிக்குள் நுழையும் இணைப்பு) வழியாகப் பார்ப்பாள். லைன் அடிக்கடி அறுந்துபோவதால் எல்லாம் டீமக்ஸுக்குள்தான்; ஆலைக் கணினியிலேயே ஓடி, திரையைப் பலகங்களாகப் பிரித்துத் தரும் நிரல் அது. இணைப்பு போனாலும் அமர்வு அங்கே உயிரோடு இருக்கும்.

நேற்று ஒரு பிழைச்செய்தியை நகலெடுத்து ஆலையின் வாட்ஸ்அப் குழுவில் ஒட்டியிருக்கிறாள். போய் விழுந்தது இது: 'கோழி 2 கிலோ, சந்தான் 3 பாக்கெட், செராய், பெரிய வெங்காயம்.' சாயங்காலம் அம்மாவுக்கு அனுப்பிய பட்டியல். மேலாளர் 'சாப்பாடு எத்தனை மணிக்கு?' என்று கேட்டாராம்.

"அண்ணே, மஞ்சளாத் தெரிஞ்சது, என்டர் தட்டினேன், மஞ்சள் மறைஞ்சுது. காப்பி ஆயிடுச்சுன்னுதானே அர்த்தம்?" என்றாள். அர்த்தம் சரிதான். டீமக்ஸுக்குள்ளேயே ஒட்டிப் பார்க்க, கன்ட்ரோல்-பி தட்டி வலப்பக்கச் சதுர அடைப்புக்குறியை அழுத்தச் சொன்னேன். பிழைச்செய்தி அப்படியே வந்து உட்கார்ந்தது. நகல் ஆகத்தான் செய்திருக்கிறது. ஆலைக் கணினியில் ஓடும் டீமக்ஸ் தன்னிடம் வைத்திருக்கும் பாத்திரத்தில். வாட்ஸ்அப்போ அவளுடைய மடிக்கணினியின் பாத்திரத்தில் கைவிட்டுத் துழாவுகிறது.

நம் வழிகாட்டியின் மொழிபெயர்ப்பு வரைவில் இந்த இடத்தில் என்ன எழுதியிருக்கிறோம்? 'உரை பிடிப்புப்பலகைக்கு நகலெடுக்கப்படும்.' எந்தப் பலகை? அவள் ஏமாந்தது அந்த வரியில்தான். வரைவை நான்தான் அவளிடம் கொடுத்திருந்தேன்.

சரிசெய்த கதையையும் சொல்லிவிடுகிறேன், சொல்லைத் தேர்ந்தெடுக்க உதவும்.

முதலில் ஷிஃப்டைப் பிடித்துக்கொண்டு மவுசால் இழுக்கச் சொன்னேன். அப்படிச் செய்தால் டீமக்ஸை ஒதுக்கிவிட்டு, அவள் மடிக்கணினியில் அதைக் காட்டும் முனையமே (டெர்மினல்) தேர்ந்தெடுக்கும். ஆனால் முனையத்துக்குப் பலகம் தெரியாது, திரைதான் தெரியும். இடது பலகத்தில் பிழைச்செய்தி, நடுவில் நெட்டுக்கோடு, வலது பலகத்தில் ஓடிக்கொண்டிருந்த லோரி எண்கள், எல்லாம் வரிக்கு வரி பின்னிக்கொண்டு வந்தன.

அடுத்து, வலையில் எல்லாரும் சொல்லும் எக்ஸ்கிளிப், உரையைக் கிளிப்போர்டில் போடும் சின்ன நிரல். ஆலைக் கணினியில் போட்டுப் பார்த்தால் டிஸ்பிளேயைத் திறக்க முடியவில்லை என்கிறது. அதற்குத் திரையே கிடையாது, எதைத் திறக்கும்? திரை இருந்திருந்தாலும் உரை ஆலையின் கிளிப்போர்டில் போய் உட்கார்ந்திருக்கும். அவளுக்கு வேண்டியது வீட்டில்.

கடைசியில் கைகொடுத்தது ஓஎஸ்சி 52. உரையை பேஸ்64 ஆக்கி (சாதாரண ஆங்கில எழுத்து, எண், குறிகளாக மாற்றி), முனையம் கட்டளையாக எடுத்துக்கொள்ளும் ஒரு தப்பிப்புத் தொடருக்குள் பொதிந்து, திரையில் அச்சிடுவதுபோலவே அனுப்பிவிடுவது. அது எஸ்எஸ்எச் கம்பி வழியாகவே வந்து சேரும். இந்தப் பக்கத்து முனையம் பிரித்துத் தன் கிளிப்போர்டில் வைக்கும். 'தமிழ்' என்ற சொல்லை வைத்தே சோதித்தோம். யூனிகோடில் 5 குறியீடு, யூடிஎஃப்-8இல் 15 பைட், பேஸ்64இல் 20 எழுத்து.

இதில் அரைமணி நேரம் நான் ஏமாந்தேன். சோதனைத் தொடரை டீமக்ஸுக்கு உள்ளேயே அச்சிட்டுப் பார்த்து, ஒன்றும் நடக்கவில்லை என்று முனையத்தைத் திட்டிக்கொண்டிருந்தேன். 2017இல் வந்த 2.6 பதிப்பிலிருந்து டீமக்ஸில் செட்-கிளிப்போர்டு என்ற அமைப்பு இயல்பாக 'எக்ஸ்டெர்னல்' நிலையில் இருக்கிறது. டீமக்ஸ் தான் எடுத்த நகலை வெளியே அனுப்பும்; உள்ளே ஓடும் நிரல் அனுப்பினால் கண்டுகொள்ளாது. 'ஆன்' போட்டால்தான் இரண்டும் நடக்கும். ஆகவே டீமக்ஸுக்கு வெளியே வந்து சோதித்தோம். அப்போதும் இல்லை. இந்தத் தடவை முனையம்தான் குற்றவாளி: பழைய மடிக்கணினி, அதில் எக்ஸ்டெர்ம் என்ற முனையம். தூரத்துக் கணினியில் ஓடும் நிரல் நம் கிளிப்போர்டில் கைவைப்பது ஆபத்து என்று அது இயல்பிலேயே தடுத்து வைத்திருக்கிறது. அமைப்புக் கோப்பில் அல்லோ-விண்டோ-ஆப்ஸைத் திறந்துவிட்டோம். அதற்கப்புறமும் டீமக்ஸ் அனுப்பியது கிளிப்போர்டுக்குப் போகாமல், மவுசின் நடுப்பொத்தானால் ஒட்டும் தனித் தெரிவுக்குத்தான் போனது. செலக்ட்-டு-கிளிப்போர்டையும் போட்ட பிறகுதான் வாட்ஸ்அப்பில் பிழைச்செய்தி விழுந்தது. மணி பதினொன்றரை.

இப்போது சொல்லுக்கு வருகிறேன். உங்கள் மடல்களில் வந்த யோசனைகள் ஒவ்வொன்றாக.

> பிடியட்டை என்று சுருக்கலாமே

தோட்டத்தில் வளர்ந்தவனிடம் 'பிடி, அட்டை' என்று சொன்னால் காலை உதறுவான். மழைக்காலத்தில் செருப்பு இடுக்கில் ஏறியதை எல்லாம் மறக்கவில்லை.

> ஒட்டும் இடம் = ஒட்டு + அகம்

சேர்த்து எழுதிப் பாருங்கள். பாலைவனம் வரும்.

> நகலகம்

தமிழ்நாட்டில் அது ஃபோட்டோஸ்டாட் எடுக்கும் கடையின் பெயர்ப்பலகை. எங்களுக்குப் பழக்கமில்லை, ஆனால் மொழி பொது.

> உள்ளிருப்பு, பொதுவிருப்பு

இரண்டாகப் பிரித்த ஒரே மடல் இதுதான், அதற்காக எழுதியவருக்குக் கும்பிடு. ஆனால் 'உள்ளிருப்பு' என்றதும் வாய் தானாகப் 'போராட்டம்' என்று முடிக்கிறது. 'பொதுவிருப்பு' எல்லாருடைய ஆசை ஆகிவிடும்.

பலகையை நான் விடச் சொல்வதற்குக் காரணம் வேறு. கிராணி (தோட்டத்துக் கணக்கர்) கையில் வைத்திருக்கும் கிளிப் போட்ட அட்டையில் தாள் நிலையாக நிற்கும். கணினியில் அப்படி இல்லை. லினக்ஸில் சாளரங்களைக் காட்டும் எக்ஸ் சாளர முறையில் நகலெடுத்த நிரலே உரையைக் கையில் வைத்திருக்கும்; மற்றொரு நிரல் கேட்கும்போதுதான் கொடுக்கும். அந்த நிரலை மூடினால், இடையில் வேறொன்று வாங்கி வைத்திருந்தாலொழிய, உரையும் போச்சு. ஆப்பிளின் லீசா கணினி காலத்தில், 1983இல், அலுவலக மேசைச் சாமான்களைத் திரையில் வரைந்து காட்டினார்கள். அந்தப் படத்துக்குப் பொருந்திய சொல்லை நாம் ஏன் படத்தோடு இறக்குமதி செய்ய வேண்டும்?

என் அப்பா பால்மரம் வெட்டியவர், அதாவது ரப்பர் மரத்தைச் சீவிப் பால் எடுத்தவர். மரத்தடியில் பால் வடியும் மங்கு (கிண்ணம்), கையில் வாளி, தோளில் காண்டா (வாளி தொங்கவிடும் காவடித்தடி). மங்கில் எவ்வளவு பால் இறங்கியிருந்தாலும் ஸ்டோரில் நிறுத்துக் கிராணி பெயருக்கு நேரே எழுதினால்தான் காசு. வழியில் மழை பிடித்தால் வாளியில் இருப்பது கணக்கில் வராது. நேற்று அந்தப் பெண்ணுக்கு இதைத்தான் சொன்னேன்: பால் மங்கிலேயே இருக்கிறது, ஸ்டோருக்குப் போகவில்லை. அவள் ரப்பர் காலத்துக்குப் பின்னால் பிறந்தவள், ஆனாலும் புரிந்துகொண்டாள்.

மங்கு என்றே வைக்கச் சொல்லமாட்டேன், சென்னையில் யாருக்கும் விளங்காது. ஏந்தி வைக்கும் பாத்திரத்துக்கு நம்மிடம் கலம் இருக்கிறது. டீமக்ஸ் தனக்குள் வைத்திருப்பது உட்கலம். இயங்குதளத்தில் எல்லா நிரலுக்கும் கைக்கெட்டுவது பொதுக்கலம். 'உட்கலத்தில் இடு', 'பொதுக்கலத்தில் சேர்', 'பொதுக்கலத்திலிருந்து ஒட்டு' என்று வினையோடு தடங்கல் இல்லாமல் போகும். சிங்கப்பூர் நா. கோவிந்தசாமி தந்த 'இணையம்' நின்றதற்கு, யாரும் நாக்கைச் சுழற்றாமல் சொல்ல முடிந்ததும் ஒரு காரணம் என்பது என் எண்ணம். 'தற்காலிக நினைவகப் பலகை' அந்தப் பரீட்சையில் தேறாது.

– சுங்கை சிப்புட்டிலிருந்து

—

மறு மடல், யாழ்ப்பாணத்தில் படித்த ஓர் ஆசிரியையிடமிருந்து:

தம்பி, கதை நல்லாயிருக்கு. ஆனால் எங்கட விஞ்ஞானப் புத்தகத்தில் கலம் என்றால் உயிரினத்தின்ர கலம், செல். உட்கலம் என்று கேட்டால் என்ர பிள்ளைகள் நுணுக்குக்காட்டியைத் தேடுவினம். விரிதாளிலும் கட்டத்துக்குக் கலம் என்றுதான் சிலர் எழுதுகினம். 'கலத்தை நகலெடு' என்றால் எதை?

—

மறு:

அக்கா, விரிதாள் விஷயத்தை நான் யோசிக்கவில்லை. ஒத்துக்கொள்கிறேன். அதனால் நம் வழிகாட்டியில் 'கலம்' என்று மொட்டையாக எங்கும் எழுத வேண்டாம்; முன்னொட்டு எப்போதும் இருக்கட்டும். மின்கலம், விண்கலம், மரக்கலம் மூன்றும் ஒரே மொழியில்தான் இருக்கின்றன. பேட்டரி வாங்கப் போனவர் யாரும் கப்பல் ஏறியதில்லை. உயிரியல் பிள்ளைகள் முதல் நாள் சிரிப்பார்கள், பரவாயில்லை.

ஒன்றுதான் இன்னும் கையில் இல்லை. உட்கலத்திலிருந்து பொதுக்கலத்துக்குக் கொண்டுபோவதற்கு ஒரு வினை. 'கடத்து' என்று எழுதிப் பார்த்தேன், சுங்கத்துறை நினைவு வருகிறது. இப்போதைக்குச் 'சேர்' என்றே போட்டிருக்கிறேன்.

மாற்றிய வரி: 'தெரிந்தெடுத்த உரை உட்கலத்தில் இடப்படும். முனையம் அனுமதித்தால் பொதுக்கலத்திலும் சேரும்.'

ஞாயிறு வரை மறுப்பு வரவில்லையென்றால் திங்கட்கிழமை கோப்பில் ஏற்றிவிடுகிறேன். எக்ஸ்டெர்ம் அமைப்பு வரிகளைப் பின்னிணைப்பில் யார் எழுதுகிறீர்கள்? எனக்கு இந்த வாரம் கடையில் கணக்கு முடிக்கிற வேலை.