ஓ.டி. நின்ற பிறகு எங்கள் லைனில் நடந்தது

பாலக்கோட்டிலிருந்து ஓசூர் சிப்காட்டுக்குக் காண்ட்ராக்ட் வேலைக்குப் போனவன் நான். வண்டி உதிரிபாகம் செய்யும் கம்பெனி. அங்கே ஷிப்ட் என்றாலே 12 மணி நேரம்தான். 2023 ஏப்ரலில் 12 மணி நேர வேலைக்கு வழிசெய்யும் மசோதா சட்டமன்றத்தில் நிறைவேறி, எதிர்ப்பு கிளம்பியதும் திரும்பப் பெறப்பட்டதே, அதற்கெல்லாம் முன்பே எங்களுக்கு அதுதான் வழக்கம். எட்டு மணி நேரத்துக்குக் குறைந்தபட்சக் கூலி. மீதி நாலு மணி நேரத்துக்கும் அதே ரேட்டில் சிங்கிள் ஓ.டி., அதாவது கூடுதல் நேரக் கூலி. சம்பளச் சீட்டில் அதை 'இன்சென்டிவ்' என்று போட்டிருப்பார்கள்.

அப்போது நடப்பில் இருந்த 1948 தொழிற்சாலைகள் சட்டம் 59ஆம் பிரிவின்படி, நாளுக்கு 9 மணி நேரமோ வாரத்துக்கு 48 மணி நேரமோ தாண்டினால் இரட்டிப்புக் கூலி தர வேண்டியிருந்தது. கணக்குப் போட்டுப் பாருங்கள். நாள் கூலி 480 என்று வைத்துக்கொண்டால் மணிக்கு 60. நாலு மணி நேரத்துக்கு சிங்கிளில் 240, டபுளில் 480. சட்டப்படி கொடுத்தால் அந்தக் காசுக்கு இன்னொரு ஆளை முழு ஷிப்டுக்கே வைக்கலாம். சிங்கிளில் ஓடும்வரை அந்த ஆளை யார் எடுப்பார்கள்? மூன்று பேர் வேலையை இரண்டு பேர் பார்த்துக்கொண்டிருந்தோம்.

லைனில் சிலர் சேர்ந்து புகார் கொடுத்தோம். இன்ஸ்பெக்ஷன் வந்தது. கம்பெனி டபுள் தரவில்லை, மூன்று ஷிப்டாக மாற்றிவிட்டது. பென்னாகரம், காரிமங்கலம் பக்கத்துப் பையன்கள் புதிதாகச் சேர்ந்தார்கள். எங்கள் கைக்கு வருவதில் மூன்றில் ஒரு பங்கு போய்விட்டது. ரூமில் கூட இருந்த அண்ணன் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவைத்துவிட்டுக் கேட்டார்: "சட்டம் பேசினியே தம்பி, மகளிர் குழுக் கடன் தவணைய யாரு கட்டுறது? உங்க அண்ணி போன்ல அழுவுறா."

அவர் கேட்டது நியாயம்தான். ஓ.டி. காசுக்கு பி.எஃப். கூடக் கிடையாது, உடம்பு தேய்ந்ததுதான் மிச்சம். இருந்தும் அது இல்லாமல் வீடு ஓடவில்லை. எட்டு மணி நேரக் கூலியில் குடும்பம் நடக்காதவரை, ஓ.டி. சட்டத்தைத் தொழிலாளியே வேண்டாம் என்பான். முதலில் ஏற வேண்டியது அடிப்படைக் கூலி. அதை விட்டுவிட்டு மணி நேரத்தை மட்டும் குறைத்தால் அடி எங்கள் மேல்தான் விழுகிறது.

*

ஓசூர் ஓ.டி. பற்றி மேலே எழுதியிருப்பதைப் படித்துவிட்டுக் கிருஷ்ணகிரியிலிருந்து எழுதுகிறேன். அந்த அண்ணி அழுதது எனக்கு நன்றாகவே புரிகிறது. மாங்கூழ் ஃபேக்டரிக்கு சீசனில் பெங்களூரா மாம்பழம் வெட்டப் போகிறவள் நான். லோடு இறங்கிவிட்டால் பழம் நிற்காது, ராத்திரியானாலும் முடித்துவிட்டுத்தான் கிளம்ப முடியும். சீசன் போனால் வேலை இல்லை, அதனால் யாரும் மறுக்க மாட்டோம்.

விலைவாசிக்கு ஏற்பக் குறைந்தபட்சக் கூலியோடு சேரும் பஞ்சப்படி ஏப்ரல் 1ஆம் தேதி கூடும் என்பதே எங்களில் பாதிப் பேருக்குத் தெரியாது. மேஸ்திரி போன வருஷக் கூலியையே கொடுத்துக்கொண்டிருந்தார். ஒரு சீசனில் ஆள் தட்டுப்பாடு வந்து, பக்கத்து ஃபேக்டரி வேன் அனுப்பிக் கூப்பிட்டது. அப்போது மட்டும் கூலி தானாக ஏறியது. அடுத்த வருஷம் ஆள் நிறைய வந்ததும் பழைய கூலிக்கே இறக்கப் பார்த்தார். அரசு அறிவிப்பை போனில் காட்டினோம், அதற்குக் கீழே அவரால் போக முடியவில்லை. பழைய பாக்கி மட்டும் இன்னும் வரவில்லை.