தேவையில்லாத இடத்தில் நின்றது, தேவைப்பட்ட இடத்தில் நிற்கவில்லை: ஏஇபி பற்றி ஒரு கேள்வி

சாலைக்குருவி:
கார் வாங்கி மூன்று மாதம். தானியங்கி அவசர பிரேக், அதாவது ஏஇபி, இருக்கிறது என்பதற்காகவே கூடுதலாகப் பணம் கட்டி இந்த வேரியன்ட்டை எடுத்தேன். இரண்டு முறை என் காலை வாரிவிட்டது.

முதல் முறை மாடி பார்க்கிங்கில். மேல்தளத்திலிருந்து சரிவில் மெதுவாக இறங்குகிறேன், முன்னால் ஈ காக்கை இல்லை. சரிவு முடியும் இடத்தில் தண்ணீர் வடிய இரும்புக் கம்பித் தட்டு போட்டிருந்தார்கள். அதற்குச் சற்று முன்னால் கார் சடக்கென்று தானாக நின்றது. பின் சீட்டில் அம்மாவின் மடியில் இருந்த கைப்பை பறந்து முன்னால் விழுந்தது.

இரண்டாவது, போன வாரம் நெடுஞ்சாலையில். 80-ல் போய்க்கொண்டிருந்தேன். முன்னால் போன வேன் திடீரென்று பக்கத்து லேனுக்கு விலகியது. பார்த்தால் நேரே பழுதாகி நிற்கும் லாரி. நாற்பது மீட்டர் இருந்தால் அதிகம். பீப் சத்தம் கேட்டதும் நான் பிரேக்கில் கால் வைத்ததும் ஒரே சமயம். பெடல் ஏற்கெனவே கொஞ்சம் கீழே இறங்கியிருந்தது போலத் தோன்றியது. கடைசியில் லாரியின் பின்னால் இடித்தேன். பம்பரும் ஒரு ஹெட்லைட்டும் போச்சு. ஏர்பேக் விரியவில்லை, யாருக்கும் அடியில்லை.

சர்வீஸ் சென்டரில் கணினியைச் செருகிப் பார்த்துவிட்டு “எரர் எதுவும் இல்லை மேடம்” என்கிறார்கள். பிறகு ஏன் நிற்கவில்லை?

டீசல் தாத்தா:
ஆஃப் பண்ணிட்டு ஓட்டும்மா. நாற்பது வருஷமா என் கால்தான் எனக்கு ஏஇபி.

சோதனைத்தடம்:
பிரேக் சோதனைப் பிரிவில் ஒன்பது வருடம் இருந்தேன். நுரைப்பஞ்சில் செய்த பொம்மைக் கார் மீது நிஜக் காரை விடுவதுதான் அன்றாட வேலை. அந்தப் பொம்மைக்குக் கண்ணுக்குக் கார் போலத் தெரிய மேலுறை, ரேடாருக்குக் கார் போலத் தெரிய உள்ளே எதிரொலிக்கும் பொருள், இரண்டும் வேண்டும். மனிதப் பொம்மைக்குக் கால்கள்கூட வீசி நடக்கும். ஒன்று குறைந்தாலும் கார் அதை நம்பாது. உங்கள் கேள்விக்கான பதிலும் இந்த நம்பிக்கை விஷயத்தில்தான் இருக்கிறது.

பெரும்பாலான கார்களில் முன்பக்கம் ஒரு ரேடார், முன் கண்ணாடிக்குப் பின்னால் ஒரு கேமரா. ரேடார் தூரத்தையும் வேகத்தையும் அச்சாகச் சொல்லும், எதிரே இருப்பது என்ன பொருள் என்று அதற்குத் தெரியாது. கேமரா பொருளை அடையாளம் காணும், தூரத்தில் கொஞ்சம் தடுமாறும். சிக்கல் நிற்கும் பொருட்களில். சாலையோரத் தடுப்பு, வழிகாட்டிப் பலகை, மேம்பாலம், சாக்கடை மூடி எல்லாமே ரேடாருக்கு “நிற்கும் இரும்பு”தான். உயரத்தைப் பிரித்துப் பார்ப்பதில் பல ரேடார்கள் மோசம். ஒவ்வொன்றுக்கும் பிரேக் போட்டால் பின்னால் வருபவன் உங்கள் மேல் ஏறிவிடுவான். அதனால் நிற்பதைக் கண்டால், கேமராவும் “ஆமாம், வண்டிதான்” என்று சொல்லும்வரை அது தயங்கும்.

மாடி பார்க்கிங்கில் நடந்தது இதன் மறுபக்கம். மூக்கு கீழ்நோக்கி இருந்ததால் அந்தக் கம்பித் தட்டு ரேடாருக்கு நேர் எதிரே சுவர் போலப் பட்டிருக்கும் என்பது என் ஊகம். தயக்கத்தைக் குறைத்தால் இப்படிப் பொய்யாக நிற்கும், கூட்டினால் நிஜத்தில் தாமதமாக நிற்கும். இரண்டுக்கும் நடுவில் கோடு எங்கே போடுவது என்று கூட்டம் போட்டுச் சண்டையே நடக்கும்.

இப்போது லாரி. வேன் விலகும்வரை அது மறைவில் இருந்தது. 80 என்றால் நொடிக்கு 22 மீட்டர். காய்ந்த தாரில், நல்ல டயரில், முழு பிரேக்கில் நிற்க சுமார் 31 மீட்டர் வேண்டும். மனிதர் பார்த்து, புரிந்து, காலை மாற்ற ஒரு நொடி என்று வைத்தாலே 22 மீட்டர் காலி. மீதி 18 மீட்டரில் நீங்கள் மட்டும் பிரேக் போட்டிருந்தால் 50-க்குக் கொஞ்சம் மேலான வேகத்தில் இடித்திருப்பீர்கள். அரை நொடியில் கார் முடிவெடுத்திருந்தால் ஏறக்குறைய 20. மோதலின் ஆற்றல் வேகத்தின் வர்க்கத்தோடு கூடுவது. 20-க்கும் 50-க்கும் ஆறு மடங்கு வித்தியாசம்.

பெடல் முன்னமே இறங்கியிருந்தது என்றீர்களே, சில கார்களில் ஏஇபி பிரேக் போடும்போது பெடலும் கூடவே இறங்கும். பம்பரும் ஹெட்லைட்டும் மட்டும் போனது, ஏர்பேக் விரியவில்லை. எனக்கென்னவோ அது வேலை செய்திருக்கிறது என்றே படுகிறது. உங்கள் கால் வருவதற்குள் ஆரம்பித்துவிட்டது.

இன்னொன்று, விளம்பரத்தில் சொல்லாதது. வேகம் கூடக் கூட, பிரேக் போட்டுத் தப்பிக்கும் நேரம் முடிந்த பிறகும் ஸ்டீயரிங்கை ஒடித்துத் தப்பிக்க நேரம் இருக்கும். ஓட்டுநர் ஒடிக்கக்கூடும் என்று கார் அதுவரை பொறுக்கிறது. அதனால் நகர வேகத்தில் மோதலையே தவிர்க்கும் அமைப்பு, நெடுஞ்சாலையில் பெரும்பாலும் அடியைக் குறைக்கும், அவ்வளவுதான். நீங்கள் ஆக்சிலரேட்டரை அழுத்தினாலோ ஸ்டீயரிங்கை வேகமாகத் திருப்பினாலோ “சரி, ஓட்டுநர் பார்த்துக்கொள்கிறார்” என்று ஒதுங்கியும்விடும்.

தாத்தாவுக்கு: நீங்கள் அணைத்தாலும், ஐநா விதிமுறை 152-ன்படி செய்த கார் அடுத்த முறை ஸ்டார்ட் ஆகும்போது தானே ஆன் ஆகிவிடும். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2024 ஜூலை முதல் எல்லாப் புதுக் கார்களிலும் ஏஇபி கட்டாயம்.

டீசல் தாத்தா:
அப்போ மழையில? ராத்திரியில?

சோதனைத்தடம்:
மழையில் பிடிப்பைத் தருவது டயர்தான் தாத்தா. சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் ஏபிஎஸ்ஸைத் தாண்டி ஏஇபி ஒன்றும் புதிதாகப் பிடிப்பை உண்டாக்காது, நிற்கும் தூரம் நீளும். ராத்திரி நடப்பவர்கள் விஷயத்தில் அமெரிக்க மோட்டார் சங்கமான ஏஏஏ 2019-ல் சோதித்தபோது, இருட்டில் அந்த அமைப்புகள் பயனற்றவை என்றே எழுதினார்கள். அதற்குப் பிறகு வந்த கார்கள் தேறியிருக்கின்றன. ஆனாலும் கறுப்புச் சட்டையும் விளக்கில்லாத சாலையும் சேர்ந்தால் நான் என் கண்ணைத்தான் நம்புவேன்.

கண்ணாடிக்காரன்:
முன் கண்ணாடி மாற்றும் வேலை செய்கிறேன். குருவி அக்கா, இடித்த பிறகு பம்பரைக் கழற்றி மாட்டினார்களா? ரேடார் ஒரு டிகிரி திரும்பியிருந்தாலும் நூறு மீட்டரில் ஏறக்குறைய இரண்டு மீட்டர் தள்ளிப் பார்க்கும், அது ஒரு லேன் அகலத்தில் பாதி. புது பம்பரில் பட்டி தடிமனாகப் பூசி பெயின்ட் அடித்தாலும் சிக்னல் கெடும். காலிபரேஷன், அதாவது கோணத்தை அளந்து சரிசெய்வது, செய்ததற்குத் தாள் கேளுங்கள். கண்ணாடி மாற்றினாலும் அப்படித்தான். “எரர் இல்லை” என்றால் கோணம் சரி என்று அர்த்தமில்லை.

சாலைக்குருவி:
தாள் கேட்டேன், தேடிக் கொடுப்பதாகச் சொன்னார்கள். இல்லையென்றால் இன்னொரு தடவை செய்யச் சொல்லிவிட்டேன்.

இன்னொரு விஷயம். நேற்று மெனுவைத் துழாவும்போது “மோதல் எச்சரிக்கை நேரம்” என்று ஒரு அமைப்பு இருந்தது. முன்கூட்டியே, நடுத்தரம், தாமதம் என்று மூன்று. என் காரில் “தாமதம்”. நான் தொட்டதே இல்லை. வீட்டுக்காரரிடம் கேட்டேன். “சும்மா கத்திட்டே இருந்துச்சு, குறைச்சு வெச்சேன்” என்கிறார்.

சோதனைத்தடம்:
பல கார்களில் அது பீப்பின் நேரத்தை மட்டும் மாற்றும், பிரேக்கை மாற்றாது. லாரி தெரிந்ததே கடைசி நிமிஷத்தில் என்பதால் அன்றைக்குப் பெரிய வித்தியாசம் வந்திருக்காது. ஆனால் முன்னால் போகிறவர் சாதாரணமாக பிரேக் போடும்போது உங்களுக்குக் கிடைக்கும் அந்த அரை நொடி அங்கேதான் இருக்கிறது. முன்கூட்டியே வையுங்கள்.

சாலைக்குருவி:
வைத்துவிட்டேன். இன்று காலையில் இரண்டு தடவை கத்தியது. அவர்தான் ஓட்டிக்கொண்டிருந்தார்.