சாதிச் சான்றிதழில் மஞ்சள் கேள்விக்குறி: கடை கம்ப்யூட்டர் யாரை நம்பணும்?

ரதவீதி_ஜெராக்ஸ்:
இ-சேவையில் இறக்கும் சாதி, வருமானம், இருப்பிடம் மூணு சான்றிதழ் பிடிஎஃப்லயும் கையெழுத்துக் கட்டத்துல மஞ்சள் கேள்விக்குறி வருது, 'சிக்னேச்சர் நாட் வெரிஃபைடு'ங்குது. அட்மிஷன் நேரம். பச்சை டிக் இல்லாட்டி கவுன்ட்டர்ல வாங்க மாட்டேங்காவ. கடையில நாலு மிஷின், எல்லாம் விண்டோஸ் 10, அடோபி ரீடர். எதை மாத்தணும்? நாலுலயும் தனித்தனியா மல்லுக்கட்டாம முடிக்க வழி உண்டா?

குறுக்குத்துறை:
ரெண்டு நிமிஷ வேலை அண்ணாச்சி. எடிட், ப்ரிஃபரன்சஸ், சிக்னேச்சர்ஸ். அதுல வெரிஃபிகேஷனுக்கு நேரா இருக்குற 'மோர்' அழுத்துங்க. கீழ 'விண்டோஸ் இன்டெக்ரேஷன்'னு ஒரு கட்டம் இருக்கும். அதுல 'வேலிடேட்டிங் சிக்னேச்சர்ஸ்' மட்டும் டிக் பண்ணி, ரீடரை மூடித் திறங்க. ரூட் சர்டிபிகேட்ங்குறது மத்த சர்டிபிகேட்டுக்கெல்லாம் உச்சியில நிக்குற தலை சர்டிபிகேட். விண்டோஸ் நம்புற ரூட் சர்டிபிகேட்டை எல்லாம் இனி ரீடரும் நம்பும்.

அப்பவும் கேள்விக்குறி நின்னா, பெரும்பாலும் இந்திய அரசின் சிசிஏ (டிஜிட்டல் கையெழுத்து சர்டிபிகேட் குடுக்குற நிறுவனங்களைக் கண்காணிக்குற அமைப்பு) ரூட் அந்த மிஷின்ல இல்லைன்னு அர்த்தம். சிசிஏ தளத்துல ரூட் ஃபைலை இறக்கி, ரெட்டை கிளிக், இன்ஸ்டால். எந்த ஸ்டோர்னு கேட்கும்போது ஆட்டோமேட்டிக்னு விட்டுராதீங்க, வேற ஃபோல்டர்ல போய் உக்காந்துக்கும். 'டிரஸ்டட் ரூட் சர்டிபிகேஷன் அத்தாரிட்டீஸ்' ஃபோல்டரை நீங்களே காட்டணும்.

சாவிக்கொத்து:
ரூட்டை சிசிஏ தளத்துல எடுக்கச் சொன்னது சரி. ஆனா அந்த விண்டோஸ் டிக் ப்ரௌசிங் சென்டர் மிஷினுக்கு ஆகவே ஆகாது வே. அந்த மிஷின்ல என்னென்ன ரூட் ஏறியிருக்குன்னு யாருக்குத் தெரியும்? இணையப் போக்குவரத்தைப் பிரிச்சுப் பாக்குற ஆன்டிவைரஸ் தன் ரூட்டை ஏத்தும். கிராக் சாஃப்ட்வேர் எதை ஏத்துச்சுன்னு அது போட்டவனுக்கே தெரியாது. அந்த டிக்கைப் போட்டா, அதுல எந்த ரூட்டுக்குக் கீழ வந்த கையெழுத்துக்கும் பச்சை விழும்.

முதல்ல பட்டியலைப் பாருங்க அண்ணாச்சி. விண்டோஸ் கீயும் ஆர் கீயும் சேத்து அழுத்தி 'செர்ட்எம்ஜிஆர் டாட் எம்எஸ்சி'. இது லாகின் பண்ணின ஆளுக்கான பட்டியல். முழு மிஷினுக்கானது 'செர்ட்எல்எம் டாட் எம்எஸ்சி', அதுக்கு அட்மின் உரிமை வேணும். டிரஸ்டட் ரூட்டுக்குள்ள ஒவ்வொண்ணையும் ரெட்டை கிளிக் பண்ணினா டீடெய்ல்ஸ்ல தம்ப்ப்ரின்ட் தெரியும், அந்த சர்டிபிகேட்டோட கைரேகை மாதிரி ஒரு எண்.

பிடிஎஃப்புக்கு ரீடருக்குள்ளயே சிசிஏ ஒண்ணை மட்டும் ஏத்துனா போதும். கையெழுத்து மேல ரைட் கிளிக், 'சிக்னேச்சர் ப்ராப்பர்ட்டீஸ்', 'ஷோ சைனர்ஸ் சர்டிபிகேட்'. இடது பக்கம் ஏணி மாதிரி மூணு நாலு பேர் நிப்பாவ. அடியில துணை வட்டாட்சியர், நடுவுல சர்டிபிகேட் குடுத்த நிறுவனம், உச்சியில 'சிசிஏ இந்தியா', பக்கத்துல வருஷம். உச்சியைத் தேர்வு பண்ணுங்க. டீடெய்ல்ஸ்ல வர்ற எஸ்ஹெச்ஏ-1 எண்ணை (இதுவும் தம்ப்ப்ரின்ட்தான்), தளத்துல இறக்குன ஃபைலோட தம்ப்ப்ரின்ட்டோட ஒப்பிடுங்க. ஒரு எழுத்து மாறினாலும் நிறுத்திரணும். பொருந்தினா 'டிரஸ்ட்' பக்கம், 'ஆட் டு டிரஸ்டட் ஐடென்டிட்டீஸ்', 'யூஸ் திஸ் சர்டிபிகேட் அஸ் எ டிரஸ்டட் ரூட்' டிக். அதுக்குக் கீழ டைனமிக் கன்டென்ட், ஜாவாஸ்கிரிப்ட்னு வர்ற கட்டங்களைத் தொடாதீங்க. ஓகே, ஓகே, அப்புறம் 'வேலிடேட் சிக்னேச்சர்'.

நிறைய பேர் அடியில நிக்குற அதிகாரியையே ஏத்திருதாவ. அவரு அம்பாசமுத்திரத்துல இருந்து நாங்குநேரிக்கு மாறிப் போனா, வர்றவருக்கு மறுபடி மஞ்சள்தான்.

குறுக்குத்துறை:
ஜூன் மாசம் கடை வாசல்ல முப்பது பேரை நிறுத்தி வச்சுட்டு தம்ப்ப்ரின்ட் ஒப்பிடச் சொல்லுதீரு. நல்லாத்தான் இருக்கு. விண்டோஸ் பட்டியல்ல கையால ஏத்துன ரூட்டை எட்ஜும் நம்பத்தானே செய்யுது, அதுல பேங்க் வேலை பாக்கோம்லா? பணத்துக்கு ஆகுறது சாதிச் சான்றிதழுக்கு ஆகாதா?

சாவிக்கொத்து:
பேங்க்குக்கு ஆகுதுன்னு யாரு சொன்னா? 2014 ஜூலையில நடந்ததைப் பாரும். மத்திய அரசோட கம்ப்யூட்டர் அமைப்பான என்ஐசியோட சர்டிபிகேட் பிரிவுல இருந்து கூகுள், யாஹூ பேர்ல அனுமதி இல்லாத சர்டிபிகேட் வெளிய வந்துச்சு. விண்டோஸ் பட்டியலை நம்பின இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் மாதிரி ப்ரௌசர் அதை ஏத்துக்கிட்டிருக்கும். தனக்குன்னு தனிப் பட்டியல் வச்சிருந்த ஃபயர்ஃபாக்ஸ் தப்பிச்சுது. ஒவ்வொரு புரோகிராமும் தன் பட்டியலைத் தானே வச்சுக்கணும்னு சொல்லுதது இதுக்குத்தான்.

குறுக்குத்துறை:
அந்த என்ஐசி யாருக்குக் கீழ இருந்துச்சு வே? சிசிஏவுக்குக் கீழ! எந்த ரூட்டைக் கையால ஏத்தச் சொல்லுதீரோ அதுக்கு அடியிலதான் ஓட்டை விழுந்துச்சு. உம்ம வாதம் உம்ம வேட்டியையே உருவுது.

சாவிக்கொத்து:
சரி, அந்த அடி எனக்குத்தான். அரசுக் கையெழுத்து தொங்குறதே அந்த ரூட்லதான், அதை விட்டா வேற வழி கிடையாது. அதனால ஏத்துறதோட வேலை முடியல. அந்த 2014 சர்டிபிகேட்டை ரத்து பண்ணினாவ, மைக்ரோசாஃப்ட்டும் அப்டேட் விட்டுச்சு. ரத்துப் பட்டியலைப் பாக்காத மிஷினுக்கு இது எதுவும் தெரியாது. வெரிஃபிகேஷன் பக்கத்துல 'ரெக்கொயர் சர்டிபிகேட் ரெவொகேஷன் செக்கிங்'னு தொடங்குற கட்டத்துல டிக் இருக்கணும். சில கடையில வேகமா திறக்கணும்னு எடுத்து விட்டிருப்பாவ. நெட் இல்லாம திறந்தா பட்டியல் இறங்காது, பச்சை வராமப் போகலாம். ரீடர் கெட்டுப்போச்சுன்னு நினைச்சு ரீ-இன்ஸ்டால் பண்ண வேண்டாம்.

ரதவீதி_ஜெராக்ஸ்:
பட்டியலைப் பாத்தேன். டிரஸ்டட் ரூட்ல தேதி முடிஞ்சதே ஏழெட்டு கிடக்கு. 'பெர்சனல்' ஃபோல்டர்ல வாடிக்கையாளர் பேர்லாம் இருக்கு. எல்லாத்தையும் அழிச்சுட்டு சுத்தமா தொடங்கட்டுமா?

பாளை_ஆடிட்:
ரூட்டைத் தொடாதீங்க அண்ணாச்சி! தேதி முடிஞ்ச மைக்ரோசாஃப்ட் ரூட் சிலது, அந்தக் காலத்துல கையெழுத்துப் போட்ட டிரைவர் சாஃப்ட்வேரைச் சரிபார்க்க இன்னமும் விண்டோஸுக்கு வேணும். பேர் தெரியாத ரூட் இருந்தா ரைட் கிளிக், 'ஆல் டாஸ்க்ஸ்', 'எக்ஸ்போர்ட்' பண்ணி ஒரு ஃபைலா வச்சுட்டு அப்புறம் எடுங்க.

பெர்சனல்ல கிடக்குற பேர்லாம் பெரும்பாலும் ஜிஎஸ்டிக்கும் டெண்டருக்கும் கொண்டு வந்து செருகின யூஎஸ்பி டோக்கனோட (கையெழுத்துப் போடுற ரகசியச் சாவி இருக்குற, பென் டிரைவ் மாதிரி பொருள்) நிழல். சாவி டோக்கனுக்குள்ளதான் இருக்கு, இங்க அழிச்சாலும் அடுத்த தடவை செருகும்போது திரும்ப வந்துரும். தாராளமா அழிக்கலாம். ஆனா டோக்கனோட சொந்த சாஃப்ட்வேருக்குள்ள போய் டிலீட்டோ இனிஷியலைஸோ அழுத்தினா சாவியே போச்சு. காசு கட்டி, வீடியோ எடுத்து, புதுசாத்தான் வாங்கணும். 2021 ஜனவரியில இருந்து கிளாஸ் 2ங்குற பழைய வகை சர்டிபிகேட் கிடையாது, கிளாஸ் 3 மட்டும்தான். பின் நம்பரைத் தொடர்ந்து தப்பாப் போட்டாலும் டோக்கன் பூட்டிக்கும்.

பெர்சனல்ல ஒரு பேரைத் திறக்கும்போது, இந்த சர்டிபிகேட்டுக்குப் பொருந்தும் பிரைவேட் கீ உங்ககிட்ட இருக்குன்னு அடியில ஒரு வரி வரும். டோக்கன் செருகாத நேரத்துலயும் அந்த வரி தெரியும், அதைப் பாத்து சாவி கம்ப்யூட்டர்ல இருக்குன்னு பயப்பட வேண்டாம். சாவியையும் சேத்து வச்சிருக்குற பிஎஃப்எக்ஸ் ஃபைலா யாராவது ஏத்திட்டுப் போயிருந்தாத்தான் ஆபத்து. கடை மிஷின்ல அது ஒரு நிமிஷம் கூட இருக்கக் கூடாது.

இன்னொண்ணு, நீங்க ரெண்டு பேரும் சண்டை போடுற பச்சை டிக் உங்க கடை மிஷின்ல மட்டும்தான் பச்சை. அதே ஃபைலை வாட்ஸ்அப்ல அனுப்பினா அங்க மறுபடி மஞ்சள். நம்பிக்கை பாக்குற மிஷின்ல இருக்கு, ஃபைலுக்குள்ள இல்லை.

குறுக்குத்துறை:
அப்ப பிரின்ட் எடுத்துக் குடுக்குறதுதான் தீர்வு. கவுன்ட்டர்ல கேக்குறதும் அதைத்தான்.

பாளை_ஆடிட்:
பேப்பர்ல இருக்குற பச்சை டிக் வெறும் மை. பெயின்ட்ல கூட வரையலாம். கவுன்ட்டர்ல கேக்குறாங்கன்னா எடுத்துக் குடுங்க, தப்பில்ல. உண்மையா சரிபார்க்கணும்னா சான்றிதழ் எண்ணை இ-சேவை தளத்துல போட்டுப் பாக்கட்டும். ஆனா 'பிரின்ட் டு பிடிஎஃப்' போட்டதையும், அப்லோடு அளவுக்குள்ள அடக்கணும்னு சுருக்கினதையும், ஆதாரோட சேத்து ஒட்டினதையும் அசல்னு குடுக்காதீங்க. கையெழுத்து அதுலயே செத்துப்போகும். இறக்கின ஃபைலைத் தனியா ஒரு ஃபோல்டர்ல அப்படியே வச்சுட்டு நகல்ல வேலை பாருங்க.

சாவிக்கொத்து:
நாலு மிஷினுக்கு: ஒண்ணுல சிசிஏவை ஏத்திட்டு ரீடரை மூடுங்க. 'ஆப்டேட்டா, ரோமிங், அடோபி, அக்ரோபேட், டிசி, செக்யூரிட்டி' ஃபோல்டர்ல 'அட்ரஸ்புக்' பேர்ல ஒரு ஃபைல் இருக்கும், நம்பின ஆட்கள் எல்லாம் அதுக்குள்ளதான். மத்த மூணுலயும் அதே இடத்துல போடுங்க. பழசு மேல எழுதிரும், அதனால பழசைப் பேர் மாத்தி வச்சுக்கோங்க. அதுக்கப்புறம் குறுக்குத்துறை கேட்ட ரெண்டு நிமிஷம் கூட ஆகாது.

ரதவீதி_ஜெராக்ஸ்:
மூணுல பச்சை வந்துட்டு. நாலாவதுல அதே ஃபைல், அதே ரூட், இன்னும் மஞ்சள். சைனர் சர்டிபிகேட் இன்னும் செல்லுபடி ஆகலைங்குது.

குறுக்குத்துறை:
கீழ வலது மூலையில தேதியைப் பாருங்க அண்ணாச்சி.

ரதவீதி_ஜெராக்ஸ்:
2009.

சாவிக்கொத்து:
மிஷினை அணைச்சாலும் தேதியைக் காப்பாத்துற சிஆர்2032 பேட்டரி ஒண்ணு வாங்கி மதர்போர்டுல மாத்துங்க. தேதியை மட்டும் திருத்தினா நாளைக்குக் காலையில மறுபடி 2009தான்.