வெபருக்கு எதற்கு தஸ்தயேவ்ஸ்கி?

முகில்வண்ணன்:
என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், சண்டைக்கு வருபவர்கள் வரலாம். மதச் சீர்திருத்தவாதி மார்ட்டின் லூதர், ரஷ்ய நாவலாசிரியர் தஸ்தயேவ்ஸ்கி, ஜெர்மன் சமூகவியலாளர் மாக்ஸ் வெபர் மூவரையும் ஒரே கேள்வியின் முன் நிறுத்துங்கள்: தன் செயலுக்கு மனிதன் யாரிடம் பதில் சொல்ல வேண்டும்? என் கணக்கில் வெபர்தான் மற்ற இருவரையும் தாண்டி நிற்கிறார். லூதர் "கடவுளிடம்" என்று சொல்லிக் கதவைச் சாத்திவிடுகிறார். தஸ்தயேவ்ஸ்கி நம்மை அழவைக்கிறார். ஆனால் கண்ணீர் வாதமாகாது.

வெபர் 1919 ஜனவரி 28 அன்று மியூனிக்கில் மாணவர்கள் முன் அரசியல் பற்றிப் பேசினார். ஜெர்மனி போரில் தோற்றிருந்தது. பெர்லினில் புரட்சித் தலைவர்கள் லீப்க்னெக்டும் ரோசா லக்சம்பர்க்கும் கொல்லப்பட்டு இரண்டு வாரம்கூட ஆகவில்லை. கேட்டுக்கொண்டிருந்தவர்களில் பலருக்குப் புரட்சிக் காய்ச்சல். அவர்களிடம் இரண்டு அறங்களைப் பிரித்துக் காட்டினார். நான் சரியானதைச் செய்தேன், விளைவு கடவுள் பாடு என்பது கொள்கையின் அறம். முன்கூட்டியே தெரியக்கூடிய விளைவுகளுக்கு நானே பொறுப்பு என்பது பொறுப்பின் அறம். இந்தத் தெளிவை எந்த நாவலில் காட்டுவீர்கள்?

எதிர்க்காற்று:
முகில்வண்ணன், நீங்கள் சொல்லும் அதே உரையைக் கொஞ்சம் மேலும் படியுங்கள். கொள்கையின் அறத்தைக் கைக்கொண்டவனால் உலகத்தின் அறமின்மையைத் தாங்க முடியாது என்று சொல்லும் இடத்தில், "தஸ்தயேவ்ஸ்கியை அறிந்தவர்களுக்கு மதவிசாரணைத் தலைவரின் காட்சி நினைவிருக்கும், சிக்கல் அங்கே சரியாகவே விரித்துக் காட்டப்பட்டிருக்கிறது" என்ற பொருளில் வெபரே பேசுகிறார். 'கரமாசவ் சகோதரர்கள்' நாவலில், திரும்பி வந்த கிறிஸ்துவைச் சிறையிலடைத்து விசாரிக்கும் மதத்தலைவரின் காட்சி அது. உரையின் முடிவை ஒட்டி, இரண்டு அறங்களும் ஒரே மனிதனுக்குள் சேரும் கணத்தைச் சொல்ல வேண்டி வந்தபோது "இங்கே நிற்கிறேன், வேறு வழியில்லை" என்ற லூதரின் வாக்கியத்தை எடுத்துக்கொள்கிறார். இருவரையும் தாண்டிப் போனவர் ஏன் திரும்பி வந்து அவர்களிடமே கடன் கேட்கிறார்?

முகில்வண்ணன்:
மேடையில் பேசுபவர் எல்லோருக்கும் தெரிந்த உதாரணம் ஒன்றை எடுத்துப் போடுவது வழக்கம்தான். அது அலங்காரம். அதை எடுத்துவிட்டாலும் வாதம் நிற்கும்.

எதிர்க்காற்று:
மேடையை விட்டுவிடுவோம். 1904, 1905இல் வெளிவந்த, புராட்டஸ்டண்ட் அறமும் முதலாளித்துவமும் பற்றிய வெபரின் ஆய்வுக்கு வாருங்கள். அது மேடைப் பேச்சல்ல. முன்விதிக் கோட்பாட்டை விளக்க கால்வினியப் புராட்டஸ்டண்டுகளின் 1647ஆம் ஆண்டு வெஸ்ட்மின்ஸ்டர் விசுவாச அறிக்கையை வெபர் வரி வரியாக எடுத்துத் தருகிறார். யாருக்கு மீட்பு, யாருக்கு அழிவு என்பதைக் கடவுள் உலகம் உண்டாவதற்கு முன்பே முடிவு செய்துவிட்டார். சரி, கோட்பாடு தெரிந்துவிட்டது. அதை நம்பியவன் இரவில் எப்படித் தூங்கினான்? அறிக்கை அதைச் சொல்லாது. அங்கேதான் வெபர் ஆங்கில எழுத்தாளர் பன்யனின் மோட்சப் பயணக் கதைக்குப் போகிறார். அழிவின் நகரத்திலிருந்து கதைநாயகன் ஓடுகிறான். மனைவியும் பிள்ளைகளும் பின்னாலிருந்து கூப்பிடுகிறார்கள். அவன் காதுகளில் விரலை வைத்து அடைத்துக்கொண்டு, "வாழ்வு, நித்திய வாழ்வு!" என்று கத்தியபடி வயல்வெளியில் ஓடுகிறான்.

காதில் வைத்த அந்த விரல்களை எடுத்துவிட்டுப் பாருங்கள். கால்வினியத் தனிமை பற்றி வெபர் சொன்னதெல்லாம் வெறும் கூற்றாகிவிடும். அதற்கு முந்தைய இயலில் இத்தாலியக் கவிஞர் தாந்தே சொர்க்கத்தில் வாயடைத்து நிற்பதையும், ஆங்கிலக் கவிஞர் மில்டனின் ஆதாமும் ஏவாளும் ஏதேனை விட்டு உலகத்துக்குள் நடந்து போவதையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்கிறார். இரண்டு மத மனநிலைகளுக்கு இடையிலுள்ள தூரத்தை இரண்டு கவிதைகளின் முடிவை வைத்து அளக்கிறார். இதுவும் அலங்காரமா?

முகில்வண்ணன்:
அலங்காரம் என்ற சொல்லை விட்டுவிடலாம், சான்று என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் என் கட்சிதான் வலுக்கிறது. நோயாளியின் முனகல் மருத்துவருக்குச் சான்று. அதனால் நோயாளி மருத்துவராகிவிடுவதில்லை. பன்யன் தன் பயத்தை எழுதினார். அந்தப் பயம் எப்படி ஓயாத உழைப்பாகவும் கணக்குப் புத்தகமாகவும் மாறியது என்பதைப் பன்யனால் பார்க்க முடியவில்லை, வெபரால் முடிந்தது. நான் சிந்தனை என்று சொல்வது அந்தப் பார்வையைத்தான்.

அகத்தி:
இருவரும் லூதரை ஓரமாக உட்கார வைத்துவிட்டுப் பேசுகிறீர்கள். நான் இறையியல் படித்தவன் என்பதால் இதைச் சொல்லாமல் போக மனமில்லை.

1521இல் வோர்ம்ஸ் நகரில் பேரரசர் ஐந்தாம் சார்ல்ஸ் முன், தன் எழுத்துகளைத் திரும்பப் பெற மறுத்து லூதர் பேசியதற்கு அன்றே எடுக்கப்பட்ட பதிவுகள் உண்டு. வெபர் உருகிப் போய் மேற்கோள் காட்டும் "இங்கே நிற்கிறேன்" அவற்றில் இல்லை. பிறகு அச்சான பதிப்பில்தான் வருகிறது. பதிவில் உள்ளது வேறு: என் மனச்சாட்சி கடவுளின் வார்த்தைக்குக் கைதியாகிவிட்டது, அதற்கு விரோதமாக நடப்பது பாதுகாப்பும் அல்ல, சரியும் அல்ல. பேசுகிறவன் கைதி. தனியாக எழுந்து நின்று தானே முடிவெடுக்கும் வீரன் அங்கே இல்லை. நான்கு ஆண்டுகள் கழித்து, மனித சித்தத்துக்குச் சுதந்திரம் உண்டு என்ற அறிஞர் எராஸ்மஸை மறுத்து எழுதிய நூலில் இதே லூதர், மனித சித்தத்தைக் கடவுளோ சாத்தானோ ஏறிச் செலுத்தும் விலங்கு என்கிறார். யார் ஏறுவது என்பதைக்கூட அந்த விலங்கு தேர்ந்தெடுக்க முடியாது.

இப்படிப்பட்டவரிடம் போய் "செயலுக்கு யாரிடம் பதில்?" என்று கேட்டு, பதில் சரியில்லை என்று மதிப்பெண்ணைக் குறைக்கிறீர்கள். கேள்வியே வெபருடையது. தனக்கு மதத்தைக் கேட்கும் இசைக்காது இல்லை என்று 1909இல் ஒரு கடிதத்தில் எழுதியவர் அவர். அவருடைய தேர்வுத்தாளை லூதரிடம் நீட்டினால் லூதர் தோற்காமல் என்ன செய்வார்?

முகில்வண்ணன்:
அகத்தி ஐயா, பதிவு பற்றிய விவரம் நியாயமானது. ஆனால் ஒரு சிந்தனையாளரின் பாதிப்பு என்பது பிறகு வந்தவர்கள் அவரை வைத்து என்ன செய்தார்கள் என்பதும்தானே? நானூறு ஆண்டுகளாக ஐரோப்பா அறிந்த லூதர், அந்த அச்சு வாக்கியத்தின் லூதர்தான். மேலும், "கேள்வியே அவருடையது" என்று ஆரம்பித்தால் யாரையும் யாரோடும் ஒப்பிட முடியாது. ஒவ்வொருவருக்கும் ஒரு கோயில் கட்டித் தனித்தனியே பூசை செய்ய வேண்டியதுதான்.

குறுஞ்சுவர்:
ஓரமாக ஒரு வார்த்தை. "கடவுள் இல்லையென்றால் எல்லாம் அனுமதிக்கப்பட்டது" என்று தஸ்தயேவ்ஸ்கி சொன்னதாகப் படம் போட்டுப் பகிரும் கூட்டம் இந்த இழைக்கும் வந்து சேரும். வருவதற்குள் யாராவது விளக்கிவிடுங்கள்.

எதிர்க்காற்று:
குறுஞ்சுவர், நல்ல நேரத்தில் வந்தீர்கள். 'கரமாசவ் சகோதரர்கள்' நாவலில் அந்தக் கருத்து சகோதரர்களில் ஒருவனான இவானுடையது. ஆனால் முதலில் அது நம் காதில் விழுவது இவான் வாயிலிருந்து அல்ல. மடத்தில் குடும்ப உறவினர் மியூசவ் வம்பு போல எடுத்துச் சொல்கிறார். பிறகு மூத்த அண்ணன் மித்யா அதைப் பிடித்துக்கொண்டு குழம்புகிறான். கடைசியில் வீட்டு வேலைக்காரன் ஸ்மெர்தியகோவ், "நீங்கள்தானே சொல்லிக்கொடுத்தீர்கள்" என்று இவான் முகத்துக்கு நேராகச் சொல்கிறான். அதற்குள் அவன் அந்தச் சகோதரர்களின் தந்தையைக் கொன்று முடித்திருக்கிறான். ஒரு கருத்து வாய் மாறி வாய் மாறி எப்படிக் கொலையாக முடிகிறது என்பதுதான் அந்த நாவலின் நடை. இதை ஒரு மேற்கோளாக வெட்டி எடுத்தவர், நாவலைப் படிக்கவில்லை.

இப்போது முகில்வண்ணனுக்கு. இவான் நீதிமன்றத்துக்கு வந்து, "கொன்றது அவன், கொல்லச் சொல்லிக்கொடுத்தது நான்" என்கிறான். தன் சிந்தனையின் விளைவுக்குத் தானே பொறுப்பேற்கிறான். வெபர் 1919இல் அரசியல்வாதியிடம் கேட்டதைத் தஸ்தயேவ்ஸ்கி 1880இலேயே சிந்தனையாளனிடம் கேட்டுவிட்டார். உங்கள் மருத்துவர் தன் நாடியை எங்கே பிடித்துப் பார்த்தார்?

முகில்வண்ணன்:
பார்த்தார். 1917இல் அறிவியல் பற்றி அதே மியூனிக்கில் பேசியபோது, வகுப்பறையில் பேராசிரியர் தீர்க்கதரிசி வேடம் போடக் கூடாது என்றார். எதிரில் உட்கார்ந்திருக்கும் மாணவன் மறுத்துப் பேச முடியாதவன், அவன்மீது தன் கொள்கையைத் திணிப்பது பொறுப்பின்மை என்பது அவர் வாதம். சொல்லிக்கொடுப்பதன் விளைவைப் பற்றி இதைவிட நேராக யார் பேசினார்?

இவான் விஷயத்துக்கு வருகிறேன். மூளைக்காய்ச்சலில் அவன் உளறுவதாகவே நீதிமன்றம் எடுத்துக்கொள்கிறது. தண்டனை மித்யாவுக்கு. காலம் கடந்து வரும் ஒப்புதல் ஒருவரையும் காப்பாற்றவில்லை. இதற்கு நூலாசிரியரின் பதில் என்ன? கடவுளின் உலகத்தை ஏற்க மறுக்கும் இவானின் கலகத்துக்குப் பதில் துறவி சோசிமா பற்றிய பகுதிதான் என்று 1879 ஆகஸ்டில், அரசில் செல்வாக்குள்ள நண்பர் பொபெதொனோஸ்ட்சேவுக்குக் கடிதம் எழுதுகிறார், அது போதுமா என்ற நடுக்கமும் அந்தக் கடிதத்தில் தெரிகிறது. எனக்கும் போதவில்லை. நாவலைப் படித்தவர்களிடம் கேளுங்கள், இவானைச் சொல்வார்கள். சோசிமா சொன்னதில் இரண்டு வரி தேறாது.

எதிர்க்காற்று:
எதிராளியைத் தன்னைவிட வலுவாகப் பேசவிட்டுவிட்டுத் தானே நடுங்கும் எழுத்தாளரை நான் தாழ்த்த மாட்டேன். அந்த நடுக்கம் இருக்கும் ஒரு பக்கத்தை வெபரின் ஆய்வுகளில் எனக்குக் காட்டுங்கள். ஒரு காட்சி சொல்கிறேன்: வேட்டை நாய்களை ஏவி ஒரு சிறுவனைத் தாயின் கண்ணெதிரே கிழிக்கவைத்த ஜெனரலின் கதையைச் சொல்லிவிட்டு, "இவனை என்ன செய்யலாம்?" என்று இவான் கேட்கிறான். மடத்து அங்கி அணிந்த தம்பி அல்யோஷா, வெளிறிப் போய், "சுட வேண்டும்" என்கிறான். அடுத்த நொடியே, அபத்தமாகப் பேசிவிட்டேன் என்கிறான். உங்கள் இரண்டு அறங்களும் ஒரே வாயில், ஒரே மூச்சில். வெபர் அவற்றைப் பிரித்துத்தான் காட்ட முடிந்தது.

அகத்தி:
சோசிமாவை இவ்வளவு சுலபமாகத் தள்ளிவிட வேண்டாம். "ஒவ்வொருவரும் எல்லோர் முன்னிலையிலும் எல்லாவற்றுக்கும் குற்றவாளி" என்கிறார் அவர். இது கொள்கையின் அறமா, பொறுப்பின் அறமா? விளைவைக் கணக்கிடும் பேச்சில்லை, எனவே இரண்டாவது அல்ல. விளைவைக் கடவுள் பாட்டில் விட்டுக் கைகழுவவும் இல்லை, எனவே முதலாவதும் அல்ல. வெபரின் இரண்டு பெட்டிகளிலும் இது அடங்கவில்லை என்றால், குறை பெட்டியில்தான் இருக்க வேண்டும்.

முகில்வண்ணன்:
அடங்குகிறது ஐயா, முதல் பெட்டியிலேயே. எல்லோரும் எல்லாவற்றுக்கும் குற்றவாளி என்றால் அந்த ஜெனரலை மட்டும் தனியே பிடித்துக் கூண்டில் ஏற்ற முடியாது. யாரை ஏற்றுவது என்று முடிவு செய்ய வேண்டிய இடத்தில் சோசிமா தரையில் விழுந்து வணங்குகிறார்.

அகத்தி:
விழுந்து வணங்கியது மித்யாவை. கூண்டில் ஏறப்போகிறவன் அவன்தான் என்று அந்த அறையில் வேறு யாருக்கும் தெரிந்திருக்கவில்லை.