மழைக் குழுவைச் சொந்தத் தளத்துக்கு மாற்றுவோமா?

பள்ளிக்கரணைக்காரன்:
நம் வெள்ள உதவிக் குழு ஒரு பெரிய சமூக ஊடகத்தில் இருக்கிறது. அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை தொடங்குவதற்குள் சொந்தத் தளத்துக்கு மாறிவிட வேண்டும் என்கிறேன். போன மழையில் "ஏரி நிரம்பிவிட்டது, வண்டியை மேட்டில் நிறுத்துங்கள்" என்று ராத்திரி நான் போட்ட பதிவு அடுத்த தெருக்காரர் கண்ணில் பட்டது மறுநாள் மத்தியானம், அதுவும் நாலு விளம்பரத்துக்குக் கீழே. 2015லிருந்து எந்தத் தெருவில் எவ்வளவு தண்ணீர் நின்றது என்று நாமே எழுதி வைத்ததும் அங்கேதான் கிடக்கிறது. தரவை இறக்கினால் என் பதிவுகள் மட்டும் வருகின்றன, மற்றவர்கள் எழுதியது வருவதில்லை.

மாம்பலம் சுதா:
கோபம் நியாயம்தான், முடிவு தப்பு. 2015 டிசம்பரில் ட்விட்டரில் 'சென்னை ரெயின்ஸ்' ஹேஷ்டேகில் படகு எங்கே, சாப்பாடு எங்கே, யார் வீட்டில் தங்கலாம் என்று தகவல் ஓடியதே, முன்பின் தெரியாதவர்கள் லட்சக்கணக்கில் அங்கே இருந்ததால்தான் ஓடியது. இடுப்பளவு தண்ணீரில் நிற்கிறவர் புதுத் தளத்தில் கணக்குத் தொடங்கி, பாஸ்வேர்டு வைத்து, மின்னஞ்சலைச் சரிபார்த்துக்கொண்டு இருக்க மாட்டார்.

பள்ளிக்கரணைக்காரன்:
சுதா மேடம், அந்த ட்விட்டர் இப்போது எங்கே? 2022 அக்டோபரில் கைமாறியது. 2023 ஜூன் கடைசியில் கணக்கில் நுழையாமல் எதையும் படிக்க முடியாது என்றார்கள், மறுநாளே காசு கட்டாதவர் ஒரு நாளைக்கு 600 பதிவுதான் படிக்கலாம் என்று உச்சவரம்பு. அப்புறம் தளர்த்தினார்கள், சரி. அதே வருஷம் டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்ததே, அந்த வாரத்தில் இப்படிச் செய்திருந்தால் நாம் யாரிடம் போய்க் கேட்டிருப்போம்?

குரோம்பேட்டை டெவலப்பர்:
யாரிடமும் கேட்க முடியாது, உண்மை. 2023இல் ரெடிட் என்ற விவாதத் தளம், வெளிச் செயலிகள் அதன் பதிவுகளை எடுக்கும் வழியான ஏபிஐக்குக் கட்டணம் வைத்தபோது, வருஷத்துக்கு ஏறக்குறைய 2 கோடி டாலர் ஆகும் என்று, ரெடிட்டைப் படிக்கப் பலர் பயன்படுத்திய அப்போலோ செயலியை உருவாக்கியவர் கணக்குச் சொன்னார். ஜூன் 12 முதல் ஆயிரக்கணக்கான ரெடிட் குழுக்கள் எதிர்ப்பாகக் கதவைப் பூட்டின. நிறுவனம் அசையவில்லை. திறக்காவிட்டால் குழுக்களை நடத்தும் மட்டுறுத்துநர்களையே மாற்றுவோம் என்றது. அப்போலோ ஜூன் 30இல் மூடப்பட்டது, பெரும்பாலான குழுக்கள் மறுபடி அங்கேயே திறந்தன.

ஆனாலும் நான் சுதா பக்கம்தான். சொந்த சர்வர் வைத்தால் டொமைனை, அதாவது தள முகவரியை, புதுப்பிக்க வேண்டும், ஸ்பேம் கணக்குகளை விரட்ட வேண்டும், பேக்கப் எடுக்க வேண்டும், எடுத்த பேக்கப் திறக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். இதையெல்லாம் செய்கிறவர் வேலை மாறி பெங்களூரு போய்விட்டால் என்ன ஆகும்? நிறுவனத்தை நம்ப முடியாது என்று சொல்லி, ஒரே ஒரு தன்னார்வலரின் ஓய்வு நேரத்தை நம்பச் சொல்கிறீர்கள்.

திருவல்லிக்கேணி வாசகர்:
மரத்தடி, ராயர் காபி கிளப் போன்ற தமிழ் மின்னஞ்சல் குழுமங்கள் யாஹூவில் நடந்தது இங்கே எத்தனை பேருக்கு நினைவிருக்கும்? நல்ல நல்ல விவாதங்கள், முதல் கதை எழுதிப் பார்த்தவர்கள், வெண்பாவுக்குத் தளை தட்டுகிறது என்று சண்டை போட்டவர்கள். 2019 அக்டோபரில் அறிவித்தார்கள், டிசம்பரில் யாஹூ குழுமங்களின் பழைய மடல்களை நீக்கத் தொடங்கினார்கள், 2020 டிசம்பரில் மொத்தமாக மூடிவிட்டார்கள். அதை நினைத்தால் இன்றும் மனசு ஆறவில்லை.

பழைய தமிழ் நூல்களை மின்னூலாக்கும், 1998 பொங்கலுக்குத் தொடங்கிய மதுரைத் திட்டம் இன்றும் நிற்கிறது. அதுவும் தன்னார்வலர்கள் நடத்துவதுதான், தம்பி. கோப்புகளை யார் வேண்டுமானாலும் இறக்கி வைத்துக்கொள்ளலாம் என்று விட்டதால் பிரதி பல கைகளில் இருக்கிறது. தமிழ் விக்கிப்பீடியாவையும் முழுசாக இறக்கிக்கொள்ளலாம். ஆள் போனாலும் எழுத்து போகாது.

மாம்பலம் சுதா:
ஐயா, பிரதி எடுக்க நான் தடை சொல்லவில்லை. ஆனால் அந்தப் பதிவுகளில் வீட்டு முகவரி, செல்போன் எண், "அம்மாவுக்கு டயாலிசிஸ், உடனே வாருங்கள்" என்பதெல்லாம் இருக்கிறது. உயிர் பயத்தில் எழுதியவை. அவர்களைக் கேட்காமல் அள்ளிக்கொண்டு வேறு இடத்தில் வைத்தால் நாமும் அந்த நிறுவனம் மாதிரிதானே நடந்துகொள்கிறோம்?

பள்ளிக்கரணைக்காரன்:
இதை நான் ஒப்புக்கொள்கிறேன். தெரு, தேதி, தண்ணீர் எவ்வளவு ஏறியது, எப்போது வடிந்தது, இவை போதும். பெயர், எண் எதுவும் வேண்டாம். ஆனால் எச்சரிக்கை விஷயத்தில் நான் இறங்கி வரமாட்டேன். யார் எதை எப்போது பார்ப்பார்கள் என்பதை அந்த நிறுவனத்தின் கையில் விட்டுவிட்டு இன்னொரு மழைக்காலத்தை நாம் எதிர்கொள்ளக் கூடாது. டெவலப்பர் சார், ஒரே ஆள்தான் பிரச்சினை என்றால் மூன்று பேரிடம் சாவி இருக்கட்டும். ஒருவர் நீங்கள் வருவீர்களா?