கொல்லிமலை ஏறி முடித்ததும் ஆஃப் செய்த வண்டி

டர்போ (இன்ஜினிலிருந்து வெளியேறும் புகையால் சுழன்று, இன்ஜினுக்குள் கூடுதல் காற்றைத் தள்ளும் கருவி) உள்ள வண்டி வைத்திருப்பவர்கள் நிறுத்தியதும் சாவியைத் திருப்பிவிடுகிறீர்களா, கொஞ்ச நேரம் ஓடவிடுகிறீர்களா? நான் பட்டதை முதலில் சொல்லிவிடுகிறேன். உங்களுக்கு நடந்ததையும் எழுதுங்கள்.

2019இல் செகண்ட் ஹேண்டில் ஒரு டீசல் கார் வாங்கினேன். அப்போதே 90,000 கி.மீ. ஓடியிருந்தது. ஊர் நாமக்கல் பக்கம் என்பதால் மாதம் ஒரு தடவையாவது கொல்லிமலை போவோம். அடிவாரத்துக் காரவள்ளி தாண்டினால் 70 கொண்டை ஊசி வளைவுகள். முக்கால்வாசி நேரம் இரண்டாவது கியரில் ஆக்சிலேட்டரை மிதித்துக்கொண்டே ஏற வேண்டும். கடைசி வளைவு முடிவதற்குள் சின்னவளுக்கு வாந்தி வந்துவிடும். ஓரங்கட்டுவேன், ஆஃப் பண்ணுவேன், தண்ணீர் பாட்டிலோடு ஓடுவேன். பானெட்டுக்குள் டிக் டிக் என்று உலோகம் சூடு ஆறும் சத்தம் கேட்கும். அது ஏதோ வண்டி மூச்சு வாங்குகிற மாதிரி எனக்குப் பிடித்தும் இருந்தது!

போதாததற்கு எங்கள் சித்தப்பா. அம்பாசிடர் காலத்து டிரைவர். ஆஃப் செய்வதற்கு முன்னால் 'உர்ர்ர்' என்று ஒரு ரேஸ் கொடுத்துவிட்டுத்தான் சாவியைத் திருப்புவார். அப்படிச் செய்தால் காலையில் ஒரே அடியில் ஸ்டார்ட் ஆகுமாம். என் வண்டியிலும் அதையே செய்தார். நானும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இரண்டு வருடம் கழித்து மெல்லிசாக ஒரு விசில் சத்தம் வர ஆரம்பித்தது. அப்புறம் காலையில் ஸ்டார்ட் செய்தால் நீலப் புகை. ஆயில் அளவு குறைந்துகொண்டே வந்தது. ஒருநாள் ராசிபுரம் தாண்டி ஒரு லாரியை முந்தப் போனால், மிதிக்கிறேன், வண்டி இழுக்கவே இல்லை.

நாமக்கல்லில் லாரி வேலை பார்த்துப் பழகிய ஒரு மெக்கானிக் அண்ணன் டர்போவைக் கழற்றினார். உள்ளே சுற்றும் தண்டை, அதாவது ஷாஃப்டை, இரண்டு விரலால் பிடித்து ஆட்டினால் ஆடிய பல் மாதிரி மேலும் கீழும் போனது. டர்போவுக்கு ஆயில் போகும் சின்னக் குழாயைத் தனியாக எடுத்து சைக்கிள் ஸ்போக்ஸ் கம்பியை உள்ளே விட்டார். பாதிக்கு மேல் போகவில்லை. தரையில் தட்டினால் கரித்துண்டாகக் கொட்டியது. அடிப்பிடித்த வாணலியைச் சுரண்டினால் வருமே, அதேதான்.

"மலை ஏறின உடனே ஆஃப் பண்ணிடுவீங்களா தம்பி?" என்று கேட்டார். என் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டார்.

அவர் சொன்னது இது. அந்த ஷாஃப்ட் நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேல் சுற்றும். ஆயில் படலத்தின் மேல் மிதந்துகொண்டுதான் சுற்றுகிறது. ஏற்றத்தில் டீசல் வண்டியின் புகை 700 டிகிரிக்கு மேல் கொதிக்கும். அந்தப் பக்கத்து இரும்பு முழுக்க அந்தச் சூட்டை வாங்கி வைத்திருக்கும். இன்ஜின் நின்றால் ஆயில் பம்ப்பும் நின்றுவிடும். சூடு மட்டும் எங்கேயும் போகாமல் ஷாஃப்டைத் தாங்கும் பேரிங் பக்கம் ஏறும். அங்கே தேங்கி நிற்கிற ஆயில் தீய்ந்து கரியாகும். சித்தப்பாவின் ரேஸ் இன்னும் மோசம்: டர்போவை வேகமாகச் சுற்றவிட்டு அதே நொடியில் ஆயிலை நிறுத்துகிற வேலை.

ஆனாலும் பழியை முழுக்க மலை மேல் போட முடியாது. முந்தைய ஓனர் நேரத்துக்கு ஆயில் மாற்றாமல் ஓட்டியிருந்தாலும் இதே கரிதான் படியும் என்று அண்ணனே சொன்னார். டர்போவின் உள்ளே சுற்றும் பகுதியான கோர், குழாய், ஆயில், கூலி எல்லாம் சேர்த்து 24,000 ரூபாய்.

வீட்டுக்கு வந்து முதல்முறையாக வண்டியின் கையேட்டைப் புரட்டினேன். நகரத்துக்குள் ஓட்டினால் ஆஃப் செய்யும் முன் இன்ஜினைச் சும்மா ஓடவிட்டுக் காத்திருக்கவே தேவையில்லை. 80 கி.மீ. வேகத்தில் சீராக வந்திருந்தால் 20 விநாடி, 100 என்றால் 1 நிமிடம், மலையேற்றம் என்றால் 2 நிமிடம். இவ்வளவுதான். 2 நிமிடத்துக்கு 24,000.

ஓசூர் பெட்ரோல் (பதில்)

எனக்கு நேர்மாறான அனுபவம். புதிதாக டர்போ பெட்ரோல் கார் வாங்கிய வாரம். கிருஷ்ணகிரியிலிருந்து விரட்டி வந்து அபார்ட்மென்டில் நிறுத்தி, பூட்டி, லிஃப்ட் வரைக்கும் போய்விட்டேன். வாட்ச்மேன் பின்னாலேயே ஓடி வருகிறார், "சார், வண்டி ஆஃப் ஆகலை சார்!" போய்ப் பார்த்தால் சாவி கையில், உள்ளே எல்லா விளக்கும் அணைந்திருக்கிறது, முன்னால் ஃபேன் மட்டும் ஹோவென்று ஓடுகிறது. கூடவே ஒரு மோட்டார் முனகுகிற சத்தம். பயந்து பேட்டரி வயரைக் கழற்றப் போய்விட்டேன். நல்லவேளை, பானெட் லீவர் எங்கே என்று தெரியவில்லை.

பிறகுதான் தெரிந்தது, டர்போவைச் சுற்றி கூலன்ட் (சூடு தணிக்கும் தண்ணீர்க் கலவை) போக வழி இருக்கிறது, இன்ஜின் நின்ற பிறகும் அதை ஓட்டத் தனியாக ஒரு கரன்ட் பம்ப் இருக்கிறது. எல்லா வண்டியிலும் இருக்காது. இருந்தாலும் ஹைவேயிலிருந்து நேராக வந்து நிறுத்தினால் அரை நிமிடம் விடுகிறேன். அது தண்ணீரைத்தான் சுற்றவிடுகிறது, ஆயிலை இல்லையே.

சந்துவீட்டுக்காரன்

தஞ்சாவூர். ஒன்பது வருடம், 1,60,000 கி.மீ., டீசல். ஒருநாளும் காத்திருந்ததில்லை, டர்போ கல்லு மாதிரி இருக்கிறது. இதெல்லாம் வீண் பயம்.

இரவு வண்டி

நான் ஆம்னி பஸ் ஓட்டுகிறேன், 14 வருடமாக. மோட்டலில் பிரச்சினையே இல்லை. கடைசி ஆள் செருப்பைத் தேடி இறங்குவதற்குள் இரண்டு நிமிடம் தானாக ஆகிவிடும். மாட்டுவது டீசல் போடும் இடத்தில்தான். பங்கில் ஆஃப் பண்ணித்தான் ஆக வேண்டும், ஓடவிட்டு நிற்க முடியாது. அதனால் பங்குக்கு ஒன்றிரண்டு கிலோமீட்டர் முன்னாலேயே காலை எடுத்து மெதுவாக உருட்டிக்கொண்டு வருவேன். லோடு இல்லாமல் ஓடும்போது வருகிற புகையில் அவ்வளவு சூடு இருக்காது, டர்போ அதிலேயே ஆறிவிடும். கார்க்காரர்கள் 110இல் வந்து பிரேக் போட்டு, பங்கில் நிறுத்தி ஆஃப் பண்ணுவதைத் தினமும் பார்க்கிறேன்.

இரண்டு விஷயம் சேர்த்துக்கொள்ளுங்கள். காலையில் ஸ்டார்ட் பண்ணியதும் மிதிக்காதீர்கள், ஆயில் மேலே ஏறுவதற்குச் சில விநாடி ஆகும். அப்புறம், நல்லது என்று கேள்விப்பட்டு பத்து இருபது நிமிடம் சும்மா ஓடவிடுகிறவர்களும் இருக்கிறார்கள். பிஎஸ்6 (புதிய புகை விதிப்படி வந்த) டீசலில் அப்படியே பழக்கப்படுத்தினால் புகை வடிகட்டியில் கரி அடைத்து விளக்கு எரியும். தூங்குவதற்காக ஏசி போட்டு ஓடவிட்டு எங்கள் ஆள் ஒருவர் மாட்டிக்கொண்டார்.

முதலில் எழுதியவன்

தஞ்சாவூர் நண்பரே, உங்கள் பெயரிலேயே பதில் இருக்கிறது. மெயின் ரோட்டிலிருந்து உங்கள் சந்துக்குள் வண்டி வர எவ்வளவு நேரம்? மாடு, சைக்கிள், எதிரே வரும் ஆட்டோ எல்லாவற்றுக்கும் ஒதுங்கி ஊர்ந்துதானே வருகிறீர்கள். நீங்கள் காத்திருக்கவில்லை, சந்து உங்களைக் காக்க வைக்கிறது. அதே வண்டியைக் கொல்லிமலை மேலே கொண்டுபோய்ச் சட்டென்று நிறுத்திப் பாருங்கள், இல்லை, வேண்டாம், பார்க்க வேண்டாம்.

இரவு வண்டி அண்ணே, பங்க் யோசனைக்கு நன்றி. அது என் மண்டையில் உதிக்கவே இல்லை.

தனிச் செய்தியில் இரண்டு பேர் டர்போ டைமர் பற்றிக் கேட்டிருந்தார்கள். சாவியை எடுத்த பிறகும் இன்ஜினைக் கொஞ்ச நேரம் ஓடவிட்டு அதுவே நிறுத்துகிற பெட்டி. நான் மாட்டவில்லை. ஆள் இல்லாத வண்டி தெருவில் ஓடிக்கொண்டிருப்பது எனக்கு ஒப்பவில்லை. வயரிங்கில் கைவைக்கவும் பயம்.

இப்போது மேலே போனதும் சின்னவளை இறக்கிவிட்டு அவள் அம்மா பார்த்துக்கொள்கிறாள், நான் சீட்டில் உட்கார்ந்து கடிகாரத்தைப் பார்க்கிறேன். சித்தப்பாவிடம் அந்தக் குழாயைக் காட்டினேன். திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "அம்பாசிடர்ல இந்தக் குழாயே கிடையாதுப்பா" என்றார்.